நிக்கல் ரெசினில் ஹிஸ்-டேக் புரதத்தைப் பிரித்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

செல் சாற்றை ரெசினில் ஊற்று, கழுவு, இமிடசோல் விட்டு இறக்கு. முனையில் ஹிஸ்டிடின் வால் (ஹிஸ்-டேக்) சேர்த்த புரதத்தை நிக்கல் ஏற்றிய மணிகளில் (ரெசின்) ஒட்டவைத்துப் பிரிக்கும் நிக்கல்-என்.டி.ஏ. முறையை இப்படி ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஆய்வகத்தில் செய்து முடித்து ஜெல்லை எடுத்துப் பார்த்தால், சிலருக்கு ஒற்றைப் பட்டை வருகிறது, சிலருக்கு ஏணி போல பத்துப் பட்டை வருகிறது, சிலருக்கு எதுவுமே வருவதில்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம் கைப்பக்குவமோ ரெசின் கம்பெனியோ அல்ல. புரதத்தின் அளவு, ரெசினின் அளவு, இமிடசோலின் அளவு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதுதான். இந்த வழிகாட்டியில் எந்தப் படியைப் படித்தாலும் அந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கத்துக்கு ஒரு குறிப்பிட்ட புரதத்தை எடுத்துக்கொள்வோம்: பெட்-28ஏ பிளாஸ்மிடில் உள்ள, முன்முனையில் ஆறு ஹிஸ்டிடின் கொண்ட சூப்பர்ஃபோல்டர் ஜி.எஃப்.பி. டேக்கையும் சேர்த்து எடை சுமார் 29 கிலோடால்டன். பச்சையாக ஒளிர்வதால் புரதம் எங்கே ஒட்டுகிறது, எங்கே வழிகிறது, எப்போது இறங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். புதிதாகக் கற்பவர்கள் தங்கள் சொந்தப் புரதத்தைத் தொடும் முன் ஒருமுறை இதைச் செய்துவிடுவது நல்லது.

எப்படி ஒட்டுகிறது

நிக்கல் அயனியைச் சுற்றி ஆறு இணைப்பிடங்கள் உண்டு. அகரோஸ் மணிகளில் பிணைத்திருக்கும் என்.டி.ஏ. மூலக்கூறு அவற்றில் நான்கைப் பிடித்துக்கொள்கிறது. மீதி இரண்டில் சாதாரணமாக நீர் இருக்கும். ஹிஸ்டிடினின் பக்கச் சங்கிலியில் உள்ள இமிடசோல் வளையம் அந்த நீரைத் தள்ளிவிட்டுத் தன் நைட்ரஜனால் நிக்கலைப் பிடிக்கிறது. அடுத்தடுத்து ஆறு ஹிஸ்டிடின் இருந்தால் ஒன்று விட்டாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் பிடி வலுவாகிறது.

நைட்ரஜன் பிடிக்க வேண்டுமானால் அதில் புரோட்டான் ஏறியிருக்கக் கூடாது. ஹிஸ்டிடின் பக்கச் சங்கிலியின் பி.கே.ஏ. (பாதி மூலக்கூறுகளில் புரோட்டான் ஏறியிருக்கும் பி.எச். அளவு) ஏறக்குறைய 6. ஆகவே பி.எச். 8-ல் நன்றாக ஒட்டும், 7-க்குக் கீழே தளரும், 4.5-ல் கழன்றுவிடும். இமிடசோல் கொண்டு இறக்குவதற்கும் இதுவே அடிப்படை. தனி இமிடசோலை ஏராளமாக விட்டால் அது நிக்கலின் இடங்களைத் தானே பிடித்துக்கொண்டு புரதத்தை வெளியேற்றுகிறது.

இந்த முறையை 1975-ல் ஸ்வீடனின் உப்சலாவில் யெர்க்கர் போராத்தும் சகாக்களும் வெளியிட்டார்கள். அவர்கள் ஐ.டி.ஏ. என்ற பிடிப்பானில் துத்தநாகத்தையும் செம்பையும் ஏற்றி மனிதச் சீரத்தின் புரதங்களைப் பிரித்தார்கள். அப்போது டேக் எதுவும் கிடையாது. இயற்கையில் மேற்பரப்பில் ஹிஸ்டிடின் உள்ள புரதங்கள் ஒட்டின, அவ்வளவுதான். பாசலில் ரோஷ் நிறுவனத்தில் ஹோகுலி குழு 1987-ல் என்.டி.ஏ.-வைக் கொண்டுவந்தது, மறு ஆண்டே ஹிஸ்டிடின் வாலையும் சேர்த்தது. ஐ.டி.ஏ. நிக்கலை மூன்று இடத்தில் மட்டும் பிடிக்கும். என்.டி.ஏ. நான்கில் பிடிப்பதால் அயனி கசிவது குறைவு.

உலோகத்தை மாற்றினால் குணமும் மாறும். செம்பு மிக வலுவாகப் பிடிக்கும், ஆனால் கண்டதையும் பிடிக்கும். கோபால்ட் பிடி மென்மையானது, தேர்வு கறாரானது. மகசூல் கொஞ்சம் குறைந்தாலும் சுத்தம் கூடும். நிக்கல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, முதல் முயற்சிக்கு அதுவே போதும்.

எவ்வளவு ரெசின்

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். “கூடுதலாகப் போட்டால் எதுவும் தப்பாது” என்று நினைத்து 1 மி.லி. போதுமான இடத்தில் 5 மி.லி. ரெசின் போடுவார்கள். புரதத்தை உற்பத்தி செய்யும் ஈ. கோலை பாக்டீரியாவின் சொந்தப் புரதங்களில் சிலவும் நிக்கலுக்கு ஆசைப்படும், ஆனால் ஹிஸ்-டேக் அளவுக்கு வலுவாக அல்ல. பந்தியில் இலை காலியாகக் கிடந்தால் அழைக்காதவரும் உட்கார்ந்துவிடுவார். ரெசினில் இடம் நெருக்கடியாக இருந்தால் டேக் உள்ள புரதம் மற்றவற்றைத் தள்ளிவிட்டுத் தானே அமரும்.

நிக்கல்-என்.டி.ஏ. அகரோஸ் ஒரு மி.லி. படுகைக்கு (திரவம் நீங்கிப் படிந்த ரெசினுக்கு) 50 மி.கி. வரை பிடிக்கும் என்று கம்பெனி அட்டையில் இருக்கும். அது சுத்தமான புரதத்தை வைத்து அளந்த உச்ச அளவு. உண்மைச் சாற்றில் ஒரு மி.லி. படுகைக்கு 10 முதல் 20 மி.கி. என்று கணக்கிடுங்கள். புரதம் எவ்வளவு வரும் என்று தெரியாவிட்டால் ஒரு லிட்டர் வளர்ப்புக்கு 1 மி.லி. படுகையில் தொடங்குங்கள். ரெசினில் ஒட்டாமல் வழிந்த திரவத்தை எறியாமல் வைத்திருந்தால், மீந்ததை இரண்டாம் முறை ஏற்றிக்கொள்ளலாம். ரெசின் குறைந்துபோனதைத் திருத்துவது எளிது. கூடிப்போனால் ஒட்டிக்கொண்ட அழுக்கைப் பிரிக்க இன்னொரு நாள் வேலை.

பாட்டிலில் வருவது ஆல்கஹாலில் மிதக்கும் 50 சதவீதக் கூழ். 1 மி.லி. படுகை வேண்டுமானால் நன்றாகக் குலுக்கி 2 மி.லி. எடுக்க வேண்டும். பிப்பெட் முனை குறுகலாக இருந்தால் மணிகள் நசுங்கும், முனையை வெட்டிவிட்டு எடுங்கள்.

பஃபர்கள்

ஒவ்வொரு பஃபரையும் தனித்தனியாக எடைபோட்டுத் தயாரிப்பதைவிட, இரண்டு மூலக் கரைசல்களை வைத்துக்கொண்டு கலப்பது பிழையைக் குறைக்கும்.

அடிப்படைக் கரைசல், இரட்டிப்புச் செறிவில், 500 மி.லி.: சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 6.9 கிராம், சோடியம் குளோரைடு 17.5 கிராம். சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 8.0-க்குக் கொண்டுவந்து அளவை நிரப்புங்கள். அறை வெப்பத்திலேயே வைக்கலாம்.

இமிடசோல் மூலக் கரைசல், 2 மோலார், 100 மி.லி.: இமிடசோல் 13.6 கிராம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். 8.0-க்கு இறக்கி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, வெளிச்சம் படாமல் வையுங்கள்.

இமிடசோல் காரத்தன்மை உள்ளது. பி.எச். திருத்தாமல் நேரடியாகப் பொடியை பஃபரில் போட்டால் புரதத்தை இறக்கும் எல்யூஷன் பஃபரின் பி.எச். 8-ஐத் தாண்டி ஏறிவிடும், சில புரதங்கள் அதில் வீழ்படிவாகிவிடும். திருத்திய மூலக் கரைசல் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கலந்த பிறகும் ஒருமுறை பி.எச். பார்த்துக்கொள்ளுங்கள்.

- லைசிஸ் பஃபர் (செல்லை உடைக்க; 10 மில்லிமோலார் இமிடசோல்), 100 மி.லி.: அடிப்படைக் கரைசல் 50 மி.லி., இமிடசோல் மூலம் 0.5 மி.லி., நீர் 49.5 மி.லி.
- வாஷ் பஃபர் (20 மில்லிமோலார்), 100 மி.லி.: 50 மி.லி., 1 மி.லி., நீர் 49 மி.லி.
- எல்யூஷன் பஃபர் (250 மில்லிமோலார்), 50 மி.லி.: 25 மி.லி., 6.25 மி.லி., நீர் 18.75 மி.லி.

மூன்றிலும் இறுதியில் பாஸ்பேட் 50, உப்பு 300 மில்லிமோலார் இருக்கும். உப்பு அங்கே சும்மா இல்லை. மின்னூட்டத்தால் மட்டும் மணிகளில் ஒட்டும் புரதங்களையும் நியூக்ளிக் அமிலங்களையும் அது விலக்கி வைக்கிறது. அழுக்கு அதிகம் என்றால் 500 மில்லிமோலார் வரை தயங்காமல் ஏற்றலாம்.

சேர்க்கக் கூடாதவற்றில் முதலில் வருவது உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. அது நிக்கலை ரெசினிலிருந்து உருவிவிடும். புரோட்டியேஸ் தடுப்பான் (புரதத்தை வெட்டும் நொதிகளைத் தடுப்பது) மாத்திரை வாங்கும்போது ஈ.டி.டி.ஏ. இல்லாத வகைதானா என்று அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். நீல ரெசின் வெளுத்துப்போவதற்குப் பெரும்பாலும் இந்த மாத்திரைதான் காரணம். ஒடுக்கும் பொருளான டி.டி.டி. நிக்கலைப் பாதித்து ரெசினைப் பழுப்பாக்கும். அதைத் தாங்கும் சிறப்பு ரெசின்கள் உண்டு என்றாலும் சாதாரண ரெசினில் 1 மில்லிமோலாரைத் தாண்டாதீர்கள். சிஸ்டீன் உள்ள புரதத்துக்கு ஒடுக்கும் பொருள் வேண்டுமென்றால் பீட்டா-மெர்காப்டோஎத்தனால் 5 முதல் 10 மில்லிமோலார் வரை போடலாம். கிளிசரால் 10 சதவீதம், ட்ரைட்டன் 1 சதவீதம் பிரச்சினை தராது. டிரிஸ் பஃபரையும் பயன்படுத்தலாம்; அதன் அமீன் நிக்கலை லேசாகப் பிடிக்கும் என்பதால் 20 முதல் 50 மில்லிமோலாரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வளர்த்தல், உடைத்தல்

பி.எல்.21 டி.இ.3 என்ற ஈ. கோலை செல்களில் பிளாஸ்மிடை ஏற்றி, ஒரு தனிக் கூட்டத்தை எடுத்து, மி.லி.-க்கு 50 மைக்ரோகிராம் கானமைசின் உள்ள எல்.பி. ஊடகத்தில் இரவு முழுக்க வளர்த்துக்கொள்ளுங்கள். காலையில் 1 லிட்டர் ஊடகத்தை இரண்டு 2 லிட்டர் குடுவைகளில் பாதிப்பாதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 5 மி.லி. விடுங்கள். குடுவையில் கால் பங்குக்கு மேல் நிரப்பினால் காற்று போதாது.

37 டிகிரியில் நிமிடத்துக்கு 180 சுற்றில் வளர்த்து, 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி 0.6 முதல் 0.8-க்கு வந்ததும் 18 டிகிரிக்குக் குளிரவிடுங்கள். பிறகு புரத உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி. 0.5 மில்லிமோலார். 16 மணி நேரம். தூண்டுவதற்கு முன் 1 மி.லி. எடுத்துத் தனியே வைக்க மறக்காதீர்கள், ஜெல்லில் ஒப்பிட அது வேண்டும்.

5,000 ஜி விசையில் 4 டிகிரியில் 15 நிமிடம் சுழற்றினால் செல்கள் அடியில் படியும். ஜி.எஃப்.பி. என்றால் படிவே மஞ்சள்பச்சையாக இருக்கும். ஒரு லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் ஈர எடை. அன்றே உடைக்காவிட்டால் −80 டிகிரியில் வையுங்கள்; உறைந்து உருகினால் உடைப்பதும் எளிது.

ஒரு கிராம் படிவுக்கு 5 மி.லி. லைசிஸ் பஃபர். கட்டி இல்லாமல் கரைத்து, லைசோசைம் மி.லி.-க்கு 1 மி.கி., புரோட்டியேஸ் தடுப்பானான பி.எம்.எஸ்.எஃப். 1 மில்லிமோலார் சேர்த்து ஐஸில் 30 நிமிடம் வையுங்கள். பி.எம்.எஸ்.எஃப். நீரில் சீக்கிரம் சிதைவதால் உடைக்கப்போகும் நேரத்தில் சேர்ப்பதே பயன் தரும். அது நச்சு, கையுறையோடு தொடுங்கள்.

பிறகு சோனிக்கேட்டர்: 10 விநாடி ஓட்டம், குறைந்தது 10 விநாடி ஓய்வு, ஐஸில் வைத்தபடியே ஆறு முதல் பத்துத் தடவை. முனை திரவத்தின் நடுவில் இருக்க வேண்டும். மேலே வந்தால் நுரை எழும். நுரையில் புரதம் மடிப்புக் குலைந்து கெடும். கலங்கலாக இருந்த சாறு தேன் நிறத் தெளிவுக்கு மாறும்போது உடைந்தது என்று அர்த்தம். நூல் நூலாக இழுத்தால் டி.என்.ஏ. இன்னும் நீளமாக இருக்கிறது. டி.என்.ஏஸ் மி.லி.-க்கு 5 மைக்ரோகிராமும் மக்னீசியம் குளோரைடு 5 மில்லிமோலாரும் சேர்த்து ஐஸில் 15 நிமிடம் விடுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் ரெசின் படுகை அடைத்துக்கொண்டு ஒரு மணி நேர வேலை நான்கு மணி நேரம் ஆகும்.

20,000 ஜி-யில் 30 நிமிடம், 4 டிகிரி. மேலே உள்ள தெளிவை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடியுங்கள். படிவையும் எறியாதீர்கள்.

ஏற்றுதல், கழுவுதல், இறக்குதல்

புவியீர்ப்பில் ஓடும் சாதாரண பிளாஸ்டிக் குழாய் போதும். 2 மி.லி. ரெசின் கூழை ஊற்றி ஆல்கஹால் வடியவிடுங்கள். முதலில் 5 மி.லி. வெறும் நீர், அடுத்து 10 மி.லி. லைசிஸ் பஃபர். நீர் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு: ஆல்கஹாலும் பாஸ்பேட் உப்பும் நேரடியாகச் சந்தித்தால் உப்பு படிந்துவிடலாம்.

தெளிவை மெதுவாக ஏற்றுங்கள். நிமிடத்துக்கு அரை முதல் ஒரு மி.லி. போதும். ஜி.எஃப்.பி. என்றால் நீலப் படுகையின் மேல்மட்டத்தில் பச்சை வளையம் ஒன்று உருவாகி, சாறு இறங்க இறங்கக் கீழ்நோக்கி வளரும். வளையம் அடியைத் தொடுவதற்குள் சாறு தீர்ந்துவிட்டால் ரெசின் அளவு சரி. பாதிக்குக் கீழே பச்சையே இல்லையென்றால் அடுத்த முறை ரெசினைக் குறைக்கலாம். வழிந்த திரவமே பச்சையாக வந்தால் இடம் நிரம்பிவிட்டது. நிறமில்லாத உங்கள் புரதத்திலும் இதேதான் நடக்கும், கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டுமே வேறுபாடு.

சாற்றில் புரதம் மிகக் குறைவாக இருந்தால் குழாயில் ஓட்டுவதைவிட, ரெசினைச் சாற்றிலேயே போட்டு 4 டிகிரியில் ஒரு மணி நேரம் மெல்லச் சுழலவிட்டுப் பிறகு குழாயில் கொட்டுவது நல்லது. காந்தத் தண்டு போட்டுக் கலக்காதீர்கள், மணிகள் அரைபடும்.

வழிந்த திரவத்தை முழுதாகப் பிடித்து வையுங்கள். பிறகு வாஷ் பஃபர் 10 மி.லி., மறுபடி 10 மி.லி. இரண்டையும் தனித்தனி டியூபில் பிடியுங்கள். கடைசித் துளிகளை பிராட்ஃபோர்ட் சாயத்தில் விட்டுப் பாருங்கள்: நீலமாக மாறினால் இன்னும் புரதம் வருகிறது, கழுவுவதைத் தொடருங்கள். பழுப்பாகவே நின்றால் போதும்.

இறக்கும்போது அவசரம் வேண்டாம். எல்யூஷன் பஃபர் அரை மி.லி. விட்டு, வடிவதைத் தனியே பிடியுங்கள். இதில் படுகையின் இடுக்குகளில் நின்ற வாஷ் பஃபர்தான் அதிகம். அடுத்து 1 மி.லி. விட்டு, குழாயை மூடி, 5 நிமிடம் காத்திருந்து திறங்கள். இப்படி ஐந்து பகுதிகள். பெரும்பாலான புரதம் முதல் மூன்றில் வந்துவிடும். மொத்தமாக 10 மி.லி. ஊற்றி ஒரே பாத்திரத்தில் பிடித்தால் புரதம் நீர்த்துப்போகும், பிறகு செறிவூட்டுவதில் பாதி நஷ்டமாகும்.

அளப்பதற்கு 280 நானோமீட்டர் பார்க்கும்போது எல்யூஷன் பஃபரையே வெற்று அளவாக வையுங்கள். இமிடசோலும் அதிலுள்ள மாசும் அந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். பி.சி.ஏ. முறையை இந்த நிலையில் தவிர்த்துவிடுங்கள், இமிடசோல் அதைக் குழப்பும். பிராட்ஃபோர்ட் பரவாயில்லை.

பம்பால் திரவத்தை ஓட்டும் எஃப்.பி.எல்.சி. கருவி இருந்தால் 1 மி.லி. குழாயில் நிமிடத்துக்கு 1 மி.லி. வேகத்தில் ஏற்றி, 20-லிருந்து 500 மில்லிமோலார் வரை 20 குழாய் அளவுகளில் (குழாய் அளவு என்பது ரெசின் படுகையின் கன அளவு) படிப்படியாக ஏறும் சாய்வில் இறக்கலாம். ஒரு புதிய புரதத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சாய்வை ஓட்டிப் பார்ப்பது மதிப்புள்ளது. புரதம் எந்த இமிடசோல் அளவில் இறங்கத் தொடங்குகிறது என்று தெரிந்துவிட்டால், வாஷ் பஃபரை அதற்குச் சற்றுக் கீழே நிறுத்தலாம்.

ஜெல்லைப் படிப்பது

12 சதவீத எஸ்.டி.எஸ். ஜெல்லில் இந்த வரிசையில் ஏற்றுங்கள்: தூண்டலுக்கு முன், தூண்டலுக்குப் பின், படிவு, தெளிவு, வழிந்த திரவம், வாஷ் 1, வாஷ் 2, இறக்கிய பகுதிகள். ஒவ்வொரு மாதிரியும் மொத்தக் கன அளவில் எத்தனையில் ஒரு பங்கு என்று குறித்துக்கொண்டு ஏற்றினால்தான் எங்கே எவ்வளவு போனது என்று ஒப்பிட முடியும். 10 மைக்ரோலிட்டர் என்று எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், 1 மி.லி. எல்யூஷனும் 25 மி.லி. வழிந்த திரவமும் ஒன்றுபோலத் தெரிந்து ஏமாற்றும்.

சாற்றிலும் வழிந்த திரவத்திலும் 14 கிலோடால்டன் அருகே திடமான பட்டை தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது நீங்கள் போட்ட லைசோசைம். இறக்கிய பகுதியில் 25 முதல் 27-க்குள் ஒரு பட்டை வந்தால் எஸ்.எல்.ஒய்.டி. என்ற ஈ. கோலை புரதமாக இருக்கலாம். அதன் பின்முனை முழுக்க ஹிஸ்டிடின் நிறைந்தது. ஜி.எஃப்.பி.-க்குக் கீழேயே ஒட்டி நிற்பதால் அதைச் சிதைந்த ஜி.எஃப்.பி. என்று தவறாக எண்ணுவதுண்டு. 70-க்குப் பக்கத்தில் வந்தால் ஏ.ஆர்.என்.ஏ., ஜி.எல்.எம்.எஸ். அல்லது டி.என்.ஏ.கே. என்று சந்தேகிக்கலாம்.

எங்கே தவறுகிறது, ஏன்

*புரதம் வழிந்த திரவத்தில் போய்விட்டது.* முதலில் ரெசின் நிறத்தைப் பாருங்கள். நீலம் போய் வெள்ளையாக இருந்தால் நிக்கல் இல்லை, ஈ.டி.டி.ஏ. எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். நிறம் சரியாக இருந்தால் சாற்றின் பி.எச். பாருங்கள், உடைத்த செல் சாறு அதைக் கீழே இழுத்திருக்கலாம். இரண்டும் சரியென்றால் டேக் புரதத்தின் மடிப்புக்குள் மறைந்திருக்கிறது. இதை உறுதி செய்ய ஒரு சின்னச் சோதனை போதும்: 1 மி.லி. சாற்றில் 8 மோலார் ஆகும்வரை யூரியா கரைத்து 50 மைக்ரோலிட்டர் ரெசினோடு கலந்து பாருங்கள். மடிப்பு அவிழ்ந்த நிலையில் ஒட்டினால் டேக் இருக்கிறது, வெளியே தெரியவில்லை என்று பொருள். டேக்கை மறுமுனைக்கு மாற்றுங்கள், அல்லது இடையில் கிளைசின்-செரின் இணைப்பு வையுங்கள், அல்லது பத்து ஹிஸ்டிடினாக நீட்டுங்கள். யூரியாவிலும் ஒட்டவில்லை என்றால் டேக் வெட்டுப்பட்டிருக்கலாம் அல்லது டி.என்.ஏ. வரிசையிலேயே படிக்கும் சட்டகம் தவறியிருக்கலாம். ஹிஸ்-டேக் எதிர்ப்பொருள் கொண்டு வெஸ்டர்ன் பிளாட் செய்தால் தெரிந்துவிடும்.

*புரதம் படிவிலேயே தங்கிவிட்டது.* இது நிக்கலின் குற்றம் அல்ல, புரதம் கரையாமல் திரண்டுவிட்டது. வெப்பத்தை 16 டிகிரிக்கு இறக்கி, ஐ.பி.டி.ஜி.-யை 0.1 மில்லிமோலாருக்குக் குறைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் 6 மோலார் குவானிடினிலோ 8 மோலார் யூரியாவிலோ கரைத்து அதே ரெசினில் ஏற்றலாம், நிக்கல் பிடி அதிலும் நிற்கும். அப்போது இமிடசோலுக்குப் பதில் பி.எச்.-ஐக் குறைத்தே வேலையை நடத்தலாம்: 8.0-ல் ஏற்றி, 6.3-ல் கழுவி, 5.9-லும் 4.5-லும் இறக்குங்கள். குவானிடின் உள்ள மாதிரியை நேரே ஜெல்லில் ஏற்றாதீர்கள், எஸ்.டி.எஸ்.-உடன் சேர்ந்து வீழ்படிவாகும். யூரியாவைச் சூடாக்கினால் சயனேட் உண்டாகிப் புரதத்தைக் கெடுக்கும், அன்றன்றைக்குத் தயாரியுங்கள்.

*பட்டை பத்து.* ரெசினைக் குறைப்பதுதான் முதல் மருந்து. அடுத்து இமிடசோலை ஏற்றும் கட்டத்திலேயே 20-ஆகவும், கழுவும் கட்டத்தில் 40 முதல் 50 ஆகவும் உயர்த்துங்கள். உப்பை 500-ஆக்குங்கள், ட்வீன்-20 0.1 சதவீதம் சேருங்கள். 70 கிலோடால்டன் பட்டை மட்டும் பிடிவாதமாக நின்றால் அது மற்றப் புரதங்கள் மடிய உதவும் டி.என்.ஏ.கே. என்ற துணைப் புரதமாக இருக்கலாம். 5 மில்லிமோலார் ஏ.டி.பி., 10 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு கொண்ட பஃபரில் ஒரு தடவை கழுவினால் பல நேரம் கழன்றுவிடும். அதற்கும் மசியாவிட்டால் கோபால்ட் ரெசின், அல்லது ஏ.ஆர்.என்.ஏ.-வையும் எஸ்.எல்.ஒய்.டி.-யையும் மாற்றியமைத்து உருவாக்கிய லோப்ஸ்டர் என்ற ஈ. கோலை வகை. இவ்வளவுக்குப் பிறகும் சிறு பட்டைகள் இருந்தால் அடுத்த படியான அயனி மாற்றத்திலோ அளவுப் பிரிப்பிலோ போகட்டும் என்று விடுங்கள். ஒரே படியில் முழுச் சுத்தம் கேட்பது இந்த முறைக்குச் செய்யும் அநியாயம்.

*வாஷ் பஃபரிலேயே புரதம் இறங்கிவிடுகிறது.* டேக் பாதி மறைந்திருக்கிறது அல்லது குறுகலாக இருக்கிறது. இமிடசோலை 5 மில்லிமோலாருக்குக் குறையுங்கள்.

*இறங்கவே மாட்டேன் என்கிறது.* 500 மில்லிமோலார் இமிடசோல் விட்டுப் பாருங்கள். பிறகு 100 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. ஈ.டி.டி.ஏ.-வில் வந்தால் பிடி மிக வலுவாக இருந்தது, அவ்வளவுதான். அதிலும் வராவிட்டால் புரதம் குழாய்க்குள்ளேயே வீழ்படிவாகிவிட்டது. கிளிசரால் 10 சதவீதம் சேர்த்து, படுகையில் புரதம் மிக அடர்த்தியாகாமல் ரெசினைச் சற்றுக் கூட்டுங்கள். ரெசினைக் குறைக்கச் சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு.

*வெளிப்பாடு குறைவாக உள்ள புரதம், பெரிய கன அளவில் ஏற்றினால் காணாமல் போகிறது.* ஈ. கோலையின் இரு சவ்வுகளுக்கு இடையே உள்ள சிறு மூலக்கூறுகள் நிக்கலை ரெசினிலிருந்து உருவுகின்றன. நிறைய சாற்றை ஓட்டும்போது படுகையின் மேல்பகுதி வெளுப்பதைக் காணலாம். உடைப்பதற்கு முன் செல்களை ஆஸ்மோட்டிக் அதிர்ச்சி (கரைசலின் செறிவைத் திடீரென மாற்றுவது) கொடுத்து அந்த இடைத் திரவத்தை வெளியேற்றிவிட்டால் ஒட்டும் அளவு உயரும். இதே தொல்லை, ஊடகத்துக்குள் சுரக்கப்படும் புரதங்களிலும் வரும். ஊடகத்தின் அமினோ அமிலங்களும் நிக்கலைப் பிடிக்கும் என்பதால் முதலில் டயாலிசிஸ் செய்து பஃபரை மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

இறக்கிய பிறகு

இமிடசோலில் புரதத்தை நாள்கணக்கில் விடாதீர்கள். பல புரதங்கள் அதில் நிலைக்காது, உறையவைத்தால் திரள்வதும் உண்டு. 10 கிலோடால்டன் டயாலிசிஸ் பையில், புரதக் கரைசலைப் போல 100 மடங்கு பஃபரில் 4 டிகிரியில் இரண்டு தடவை மாற்றினால் போதும். கசிந்த நிக்கல் புரதத்தைத் திரட்டும். உங்கள் புரதத்துக்கு உலோகம் தேவையில்லை என்றால் டயாலிசிஸுக்கு முன் 1 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. சேர்த்துவிடுங்கள். இந்த ஒரு கட்டத்தில் அது நண்பன்.

டேக்கை வெட்ட வேண்டுமா என்பது பயன்பாட்டைப் பொறுத்தது. பெட்-28ஏ-வின் முன்முனை டேக்கில் திராம்பின் நொதி வெட்டும் இடம் இருக்கிறது. டி.இ.வி. என்ற நொதி வெட்டும் இடம் வைத்து அமைத்திருந்தால் இன்னும் வசதி. டி.இ.வி. நொதியும் வழக்கமாக ஹிஸ்-டேக் உடையதே. புரதத்தில் 50-ல் ஒரு பங்கு நொதி சேர்த்து இரவு முழுக்க 4 டிகிரியில் டயாலிசிஸ் பையிலேயே வெட்டவிட்டு, மறுநாள் அதே நிக்கல் ரெசினில் மீண்டும் ஓட்டுங்கள். வெட்டுப்பட்ட வால், வெட்டாமல் மிஞ்சிய புரதம், நொதி, முதல் தடவை ஒட்டி வந்த ஈ. கோலை புரதங்கள் எல்லாம் ரெசினில் நிற்கும். சுத்தமான புரதம் வழிந்து வரும். இந்த வழியில் போகிறவர்கள் டயாலிசிஸுக்கு முன் ஈ.டி.டி.ஏ. சேர்க்கக் கூடாது. இரண்டாம் ஓட்டத்தின் சுத்தம், கழுவும் நேரத்தில் இமிடசோலைக் கூட்டிக் குறைத்துப் பெறும் எதையும்விட மேல். முடிந்தவர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ரெசினை மீட்டு வைப்பது

அதே புரதத்துக்கு என்றால் 10 குழாய் அளவு எல்யூஷன் பஃபர், நீர், 20 சதவீத எத்தனால் என்று கழுவி 4 டிகிரியில் வைத்து நாலைந்து முறை பயன்படுத்தலாம். புரதம் மாறினால் புதிய ரெசின் எடுப்பது பாதுகாப்பு. நிறம் போனாலோ பழுப்பானாலோ முழுதாக மீட்க வேண்டும். வரிசை முக்கியம்: 100 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. பி.எச். 8.0, 5 மி.லி., ரெசின் வெண்மையாகும் வரை. நீர் 10 மி.லி.; அரை மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 30 நிமிடம்; வடியும் நீர் நடுநிலைக்கு வரும்வரை நன்றாக நீர்; பிறகு 100 மில்லிமோலார் நிக்கல் சல்பேட் 2 மி.லி.; மறுபடி நீர் 10 மி.லி.; கடைசியில் எத்தனால். நிக்கல் கரைசலுக்கு ஹெக்ஸாஹைட்ரேட் உப்பு 50 மி.லி.-க்கு 1.31 கிராம். இடையில் ஈ.டி.டி.ஏ. மிச்சமிருந்தால் ஊற்றிய நிக்கல் அதனுடனேயே போய்விடும். காரம் மிச்சமிருந்தால் நிக்கல் ஹைட்ராக்சைடாகப் படிந்து மணிகளை அடைக்கும்.

நிக்கல் உப்பு தோலில் ஒவ்வாமை உண்டாக்கும், அதன் தூளை மூச்சில் இழுப்பது புற்றுநோய்க்கு வழிவகுக்கும். பொடியை ஃப்யூம் ஹூடுக்குள் கையுறையோடு எடைபோடுங்கள். உருவிய ஈ.டி.டி.ஏ. திரவம், மீந்த நிக்கல் கரைசல், முதல் நீர்க் கழுவல் மூன்றையும் கன உலோகக் கழிவு என்று எழுதிய பாட்டிலில் சேருங்கள். தொட்டியில் ஊற்றக் கூடாது.